மலை ஊருக்கு ஐந்து நாள் ஊழியப் பயணம் போகலாமா?

வேளச்சேரியில் தங்கி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் 24 வயதுத் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய கிறிஸ்தவ சபையின் வாலிபர் குழு மே மாதம் ஜவ்வாது மலையில் ஒரு கிராமத்துக்கு ஐந்து நாள் ஊழியப் பயணம் போகிறது. தலைக்கு 4,500 ரூபாய். மருத்துவ முகாம், பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), சாயங்காலம் கூட்டம், பழைய துணி விநியோகம் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். "நான் டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை, பாடவும் வராது. நான் போய் என்ன செய்யப் போகிறேன்? அந்தக் காசை அப்படியே அனுப்பிவிட்டால் உபயோகமாக இருக்காதா? அம்மா வேறு பயப்படுகிறார்கள்" என்பதுதான் கேள்வி.

போங்கள். ஆனால் போவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

நான் பெரம்பூர்ப் பக்கம் ஒரு சபையில் பதினாறு வருடமாக இந்த மாதிரிப் பயணங்களுக்கு ஆள் சேர்த்து, டிக்கெட் போட்டு, அண்டா சுமந்தவன். முதல் நான்கைந்து வருடம் செய்ததை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

முதல் பயணத்தில் 32 பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். நடு மே மாதம். ஊர் முனையில் ஒரு சின்டெக்ஸ் டேங்க், அடியில் இரண்டு குழாய். கரண்டு இருக்கும்போது மோட்டார் போட்டு நிரப்புவார்கள், ஊருக்கே அதுதான் தண்ணீர். காலை ஆறு மணிக்கு எங்கள் பையன்கள் சோப்பும் ஷாம்பூவுமாகப் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்து முடித்தார்கள். ஏழரைக்கு ஊர்ப் பெண்கள் குடத்தோடு வந்தபோது குழாயில் காற்றுதான் வந்தது. யாரும் திட்டவில்லை. ஒரு பாட்டி மட்டும், "பரவால்ல சாமி, ஊருக்கு வந்த புள்ளைங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கீழே ஊற்றுக்கு நடந்தார். அவர் பின்னால் வரிசையாகப் பெண்கள். அந்த வரிசையில், அந்த ஊரிலேயே தங்கி நற்செய்திப் பணி செய்யும் ஊழியரின் மனைவியும் இருந்தார், எங்களுக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டிருந்தவர். அன்று சாயங்காலக் கூட்டத்தில் ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பேசியது நான்தான்.

அதனால் "நான் போய் என்ன செய்வேன்" என்ற உங்கள் கேள்விக்கு முன்னால், "அங்கே யார் இருக்கிறார்கள்" என்று கேளுங்கள். அநேகமாக ஒரு ஊழியர் குடும்பம் வருஷக்கணக்காக அந்த ஊரில் இருக்கும். நீங்கள் பஸ் ஏறிய பிறகும் அங்கேயே இருந்து, அதே மனிதர்கள் முகத்தில் தினமும் விழிக்க வேண்டியவர்கள் அவர்கள். நீங்கள் அவர்களுடைய விருந்தாளி, கொஞ்சம் கூடமாட வேலை செய்யக்கூடிய விருந்தாளி. உங்களால் அவர்களுக்கு வேலை குறைந்ததா கூடியதா என்பதுதான் நான் இப்போது வைத்திருக்கும் ஒரே கணக்கு. குழுத் தலைவரிடம், "ஊழியர் அண்ணனிடம் பேசினீர்களா, அவர் என்ன கேட்டார்?" என்று கேட்டுப் பாருங்கள். "அவருக்கு எல்லாம் ஓகேதான்" என்று பதில் வந்தால் சந்தேகப்படுங்கள். சென்னையிலிருந்து காணிக்கை அனுப்பும் சபை கேட்டால் எந்த ஊழியரும் முடியாது என்று சொல்ல மாட்டார். நாங்கள் போகும் ஊரின் ஊழியர் அண்ணனே மூன்று வருடம் பழகிய பிறகுதான், "பன்னிரண்டு பேருக்கு மேல வேணாம்ணே, மைக் செட்டும் வேணாம்" என்று வாயைத் திறந்தார்.

அந்த ஊரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். ஜவ்வாது மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள், பேசுவது தமிழ்தான். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக அவர்களே சொல்வார்கள். சாமை விளைகிறது, தேன், கடுக்காய், புளி கிடைக்கின்றன. ஆனாலும் அது வருஷம் முழுக்கப் போதாது. ஆண்கள் கேரளத்துக்கும் குடகுக்கும் கூலி வேலைக்கு இறங்கிப் போகிறார்கள். செம்மரம் வெட்ட ஏஜென்ட்டுகள் கூட்டிக்கொண்டு போவதும் நடந்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், ஞாபகம் இருக்கும். அதில் பலர் இந்த மலையையும் சுற்று மாவட்டங்களையும் சேர்ந்தவர்கள். தெரியாத ஆட்கள் வேனில் வந்து இறங்கினால் இந்த மலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. வந்த அன்றே நற்செய்திக் கைப்பிரதிக் கட்டோடு வீடு வீடாகக் கிளம்பாதீர்கள். முதல் நாள் ஊழியரோடு போய் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துக் கும்பிட்டு, எங்கேயிருந்து வருகிறோம், எத்தனை நாள் இருப்போம் என்று சொல்லிவிடுங்கள். திண்ணையில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். சாமைச் சோறு போட்டால் சாப்பிடுங்கள், "டயட்" என்று சொல்லாதீர்கள். இயேசு எழுபது பேரை அனுப்பியபோதும் பையைத் தூக்காதே, வைத்ததைச் சாப்பிடு என்றுதான் சொல்லி அனுப்பினார்.

இப்போது மருத்துவ முகாம். எனக்கு இதில் கோபம் கொஞ்சம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது வருடமோ ஐந்தாவது வருடமோ, ஒரு அம்மா டாக்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்தார். கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுப்பார்களே, அந்தப் பை. அதிலிருந்து மாத்திரை கொட்டியது. பாதி கிழிந்த அட்டைகள், பேப்பரில் மடித்த வெள்ளை மாத்திரைகள், சிவப்புக் கேப்சூல்கள், தேதி முடிந்த இருமல் மருந்து ஒன்று. நாங்கள் கொடுத்தது, எங்களுக்கு முன் வந்த சபை கொடுத்தது, ஏதோ கல்லூரி முகாமில் கொடுத்தது, எல்லாம் கலந்து கிடந்தன. "எது தலைவலிக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டார். பிரஷர் மாத்திரையை அவர் தலை வலிக்கும்போது மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். பத்து நாளுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த மே மாதம் திரும்பி வருகிறவர்களிடம் வேறு எப்படித்தான் அவர் கற்றுக்கொள்வார்?

இந்த ஊழியத்தில் நமக்கு முன்னோடிகள் யார் என்று பாருங்கள். வேலூரில் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நின்று வைத்தியம் பார்த்தார். அவர் வாராவாரம் போனதால்தான் அது வைத்தியமாக இருந்தது. 1918-ல் பெண்களுக்காக அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி. கல்லூரி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் முகாமில் கண்ணைப் பரிசோதிப்பதோடு விடுவதில்லை. புரை இருந்தால் ஆளை ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். முகாமுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பத்திரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது மாத்திரைப் பந்திதான். நம் ஊரிலோ 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆகவே முகாமில் பிரஷர் இருக்கிறது என்று தெரிந்த ஒவ்வொருவர் பெயரும் அந்த ஊருக்கான கிராம சுகாதார செவிலியரின் கைக்குப் போக வேண்டும். முகாம் நடப்பதே அவர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர் இல்லாத உங்களுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது. சீட்டு எழுதுவது, பெயர், வயது, வீட்டு அடையாளம், போன் நம்பரோடு ஒரு நோட்டுப் போடுவது. மாத்திரைக் கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து காலை, ராத்திரி என்று காட்டுவது. மாத்திரையை மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், பாரசிட்டமாலாக இருந்தாலும் சரி. இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டை வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து போன் போட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாம்மா?" என்று கேட்கும் ஆள் நீங்களாக இருந்தால், அந்த முகாமில் உருப்படியாக ஒன்று நடந்திருக்கிறது.

நீங்கள் ஐ.டி. என்று சொன்னதும் எனக்கு வேறொரு வேலை தோன்றியது. மே மாதத்தில்தான் பிளஸ் டூ ரிசல்ட் வருகிறது, அரசு கலைக் கல்லூரி விண்ணப்பமும் அப்போதுதான், எல்லாமே ஆன்லைன். மூன்று வருடம் முன்பு ஒரு பெண் 412 மார்க் வாங்கிவிட்டு விண்ணப்பம் போடாமல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் குழுவில் உங்களைப் போலவே ஒரு தங்கை லேப்டாப்பைத் திறந்தாள். மெயில் ஐ.டி. உருவாக்கியாயிற்று, போட்டோவைச் சின்னதாக்கியாயிற்று. ஓ.டி.பி. மட்டும் வரவில்லை. பார்த்தால் பள்ளியில் கொடுத்திருந்தது அப்பாவின் நம்பர், அப்பா குடகில் காப்பித் தோட்டத்தில். சிக்னல் கிடைக்கும் பாறை மேல் இரண்டு பேரும் ஏறி நின்று அவருக்குப் போன் போட்டார்கள். அவர் அங்கே யாரையோ பிடித்துப் படிக்கச் சொல்லி ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அதற்குள் நேரம் முடிந்து இரண்டு முறை திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது. அரை நாள் போயிற்று. அந்தப் பயணத்தில் நாங்கள் நடத்திய கூட்டங்களில் யார் பேசினார்கள் என்பது எனக்கு மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். பழங்குடியினர் சான்றிதழைத் தமிழ்நாட்டில் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும், தாசில்தார் கொடுத்தால் செல்லாது. மலையிலிருந்து இறங்கி, கூலியை விட்டுவிட்டு, நாலு தடவை நடக்கிற காரியம். யாரிடம் இல்லை, எங்கே நிற்கிறது என்று ஊழியரோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தாலே பெரிய உதவி. மலைதான் போக வேண்டும் என்றும் இல்லை. திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கம் செங்கல் சூளைகளை ஒட்டியிருக்கும் இருளர் குடியிருப்புகளில் இதே வேலை காத்துக்கிடக்கிறது. சனிக்கிழமை காலை போய்ச் சாயங்காலம் திரும்பலாம். ஆனால் அதற்கு ஆள் சேர்வதில்லை. போட்டோவில் மலை வராது அல்லவா.

துணி விநியோகத்தைத் தலைவரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். நாங்கள் ஒருமுறை பதினான்கு மூட்டை கொண்டுபோனோம். பிரித்தால் துப்பட்டா இல்லாத சுடிதார், ஜிப் போன ஜீன்ஸ், ஜிகினா வைத்த ஷெர்வானி ஒன்று. பெண்கள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருடம் போனபோது சாமைக் கொல்லையில் குருவி விரட்ட அந்த ஷெர்வானி கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது.

வி.பி.எஸ். நல்லதுதான், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அரசுப் பள்ளி வளாகத்தில் மட்டும் வைக்காதீர்கள். அரசுப் பணத்தில் முழுக்க நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவே சொல்கிறது. பெற்றோருக்குத் தெரிந்து பிள்ளை வர வேண்டும். பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. மூக்கொழுகும் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். உங்கள் அக்கா பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவர் அப்படிப் போட்டால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதுதான் அங்கேயும்.

நற்செய்தி சொல்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் விசுவாசி, சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. 25-வது பிரிவு அந்த உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-லேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒடிசாவில் 1967 முதலே அப்படி ஒரு சட்டம் இருக்கிறது, வேறு பல மாநிலங்களிலும் உண்டு. அடுத்த வருடம் வடக்கே போகலாம் என்று குழுவில் யாராவது கிளப்பினால் அங்கே இருக்கும் ஊழியரிடம் கேட்காமல் நகராதீர்கள். நான் பார்த்தவரை சட்டத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மாத்திரை வாங்க வந்தவரை ஜெபத்துக்கு உட்காரச் சொல்லக் கூடாது. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கைப்பிரதி வைக்கக் கூடாது. கேட்கிறவர்களுக்கு, தனியாக, சாவகாசமாகச் சொல்லலாம். காரியம் ஆக வேண்டும் என்று தலையாட்டுகிறவரை விசுவாசி என்று எண்ணிக்கையில் சேர்த்து ஊருக்கு ரிப்போர்ட் அனுப்பினால் அது அவருக்கும் அவமானம், நமக்கும்.

ஞானஸ்நானம் பற்றி வாலிபர்கள் உற்சாகத்தில் பேசுவார்கள். அதன் பின்விளைவு காகிதத்திலும் இருக்கிறது. பழங்குடியினர் எந்த மதத்தில் இருந்தாலும் பழங்குடியினர்தான். பட்டியல் சாதியினருக்கு அப்படி இல்லை. 1950-ம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே அந்தப் பட்டியலில் வர முடியும். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். பிள்ளையின் கல்லூரி இடம், உதவித்தொகை எல்லாம் இதில் இருக்கிறது. இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இது தெரியாமல் ஐந்து நாள் வந்து போகிறவர் ஒரு குடும்பத்தை அவசரப்படுத்தக் கூடாது. அதெல்லாம் அங்கேயே இருக்கும் ஊழியரும் அந்தக் குடும்பமும் ஆயரும் பேசிக்கொள்ள வேண்டியது.

அப்புறம் காசு. 4,500 ரூபாயை அப்படியே அனுப்பலாமே என்கிறீர்கள். பன்னிரண்டு பேர் என்றால் 54,000 ரூபாய், சும்மா இல்லை. அதில் எவ்வளவு வேனுக்கும் டி-ஷர்ட்டுக்கும் பேனருக்கும், எவ்வளவு ஊரில் என்று தலைவரிடம் கேளுங்கள், தப்பே இல்லை. அரிசி, காய்கறியை மலையிலேயே வாங்கச் சொல்லுங்கள். சமைக்கிற அம்மாக்களுக்குக் கூலி கொடுக்கச் சொல்லுங்கள். ஊழியர் மனைவி இலவச சமையல்காரி இல்லை. என்னைக் கேட்டால் ஒரே தடவை 4,500 அனுப்புவதைவிட மாதம் 500 அனுப்புவது அந்தக் குடும்பத்துக்கு நல்லது. ஆனால் முகம் தெரியாதவருக்கு மாதாமாதம் அனுப்பும் பழக்கம் நாலாவது மாதம் நின்றுவிடும். போய்ப் பார்த்தவர்கள்தான் விடாமல் அனுப்புகிறார்கள், பதினாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன். அதனால்தான் போங்கள் என்கிறேன். அங்கே மட்டும் யார் கையிலும் தனியாகக் காசு கொடுக்காதீர்கள், "சென்னைக்கு வா, வேலை வாங்கித் தருகிறேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள்.

குழுவில் யாருக்காவது அமெரிக்காவிலிருந்து அண்ணனோ அக்காவோ லீவுக்கு வந்திருந்து, நானும் வருகிறேன் என்றால் கவனம். டூரிஸ்ட் விசாவில் மிஷனரி வேலை செய்ய முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. கார்டு இருந்தாலும் 2021 அறிவிப்பின்படி அதற்குத் தனி அனுமதி வேண்டும். அவர் ஆர்வத்துக்கு ஊழியர் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

போகும் வழி சுலபம். சென்ட்ரலில் ரயிலேறி ஜோலார்பேட்டை, அங்கிருந்து திருப்பத்தூர், மலைக்கு பஸ். போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறுவதும் உண்டு. மூடிய ஷூ, நல்ல டார்ச், ஒரு சால்வை. ராத்திரி டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்காதீர்கள், பாம்பு. புதரில், புல்லில் உட்காராதீர்கள். வேலூர் வட்டாரத்தில் உண்ணிக்காய்ச்சல் உண்டு. திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம், "மலைக்குப் போயிருந்தேன்" என்று முதலில் சொல்லுங்கள். உடம்பில் கருப்பாகப் பொருக்குத் தட்டிய புண் எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பார். சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.

திரும்பி வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது, நான் மிகவும் மதிப்பது அதைத்தான். மலையிலிருந்து பெரிய வியாதிக்காரர்களைச் சில சமயம் சென்னை ஜி.எச்.சுக்கு அனுப்புவார்கள். சென்ட்ரலில் இறங்கி எதிரே இருக்கும் ஆஸ்பத்திரிக்குச் சாலையைக் கடப்பதற்கே அவர்களுக்கு அரை மணி நேரம் ஆகும். ஓ.பி. சீட்டு எங்கே, ஸ்கேன் எந்தக் கட்டடம், ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் எத்தனை மணிக்கு என்று ஒன்றும் தெரியாது. போன வருடம் அந்த மஞ்சள் பை அம்மாவின் மகன் வந்திருந்தான், சிறுநீரகத்தில் பிரச்சினை. எங்கள் சபைத் தங்கை ஒருத்தி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் கூடவே வரிசையில் நின்றாள். மலையில் ஐந்து நாள் இருந்தபோது அவளும் பாடவில்லை, பேசவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அந்த அம்மாவோடு.

அம்மாவைப் பற்றி. அவர்கள் பயப்படுவது சரியே. பெண்கள் எங்கே தங்குகிறார்கள், கூட மூத்த அக்கா யார் வருகிறார், கழிப்பறை உண்டா என்று அம்மாவையே தலைவரிடம் போனில் கேட்கச் சொல்லுங்கள். ஒழுங்காகப் பதில் வரவில்லை என்றால் இந்த வருடம் போக வேண்டாம். வந்தால், ஊழியர் அண்ணன் நம்பரையும் அவர் மனைவி நம்பரையும் எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போங்கள். சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாறை மேல் ஏறிப் பேசுகிறேன், ஆறரை ஆனாலும் பதறாதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.